பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு எதிரே

ரெஜினால்டின் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்று அவனுக்குச் சொன்னது டாக்டர் இல்லை. அவனுடைய கிட்டார் வாசிப்பை விற்றுக்கொண்டிருந்த கம்பெனி.

செய்தி வந்த நேரம் அவன் வேலையில் இருந்தான். பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மூன்றாம் மாடி வீட்டை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஃபேனை நிறுத்த வேண்டும். ஜன்னல்களைச் சாத்த வேண்டும். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். பீரோக் கதவுகளை அகலத் திறந்து உள்ளே தொங்கும் துணிகளைக் கிட்டாருக்குக் காட்ட வேண்டும். துணி எதிரொலியை விழுங்கிவிடும். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஒரு தடவை அதை மறுபடி சொருக மறந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வைத்த வஞ்சிரம் முழுக்க நாறிப்போனது. அதிலிருந்து அவன் மனைவி ஃபிலோமினா ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டு வைப்பாள். சாவி இல்லாமல் வெளியே போக முடியாது. சாவியைத் தேடிப் போனால் பிளக் ஞாபகம் வந்துவிடும்.

"வண்டி இருக்கா?" என்றான் ரெஜி, கிட்டாரை மடியில் வைத்தபடி.

ஃபிலோ இடது கையில் இருந்த போனைப் பார்த்தாள். "அரக்கோணம் லோக்கல் வில்லிவாக்கத்துல நிக்குது. போகட்டும், இரு."

அவளுடைய வலது கையில் மைக் இருந்தது. அந்த வீட்டில் மைக்குக்கு ஸ்டாண்ட் கிடையாது. இருந்தது, பயன்படவில்லை. ரயில் எங்கோ தள்ளிப் போனாலும் அந்தப் பழைய கட்டடம் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கம் தரை வழியே ஸ்டாண்டில் ஏறி மைக்குக்குள் இறங்கி, பதிவின் அடியில் ஓர் உறுமலாக உட்கார்ந்துகொள்ளும். ரெஜி ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் ரப்பர் செருப்பை வெட்டி வைத்துப் பார்த்தான். தலையணை வைத்துப் பார்த்தான். கடைசியில் ஒருநாள் ஃபிலோ பொறுமை இழந்து, "குடு இங்க" என்று மைக்கை வாங்கி, முக்காலியில் உட்கார்ந்து, முழங்கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தாள். உறுமல் போன இடம் தெரியவில்லை. அன்று முதல் அவள்தான் ஸ்டாண்ட்.

சாதாரண ஸ்டாண்ட் இல்லை. கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேரே பிடித்தால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். கைக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்தால் விரல் தேய்வதுதான் கேட்கும். கிட்டார் கழுத்தில் பதித்த உலோகக் கட்டுகளில் பன்னிரண்டாவதற்கு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு, எதிரே, ஒரு சாணுக்குச் சற்று மேலே தள்ளி, மைக்கின் மூக்கைக் கிட்டார் உடம்பின் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால், கம்பியும் மரமும் சம அளவில் வந்து விழும். அந்த இடத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பாள்.

போன் அதிர்ந்தது. அரக்கோணம் லோக்கல் அல்ல.

ஃபிலோ படித்தாள். முகம் மாறியது. "ரெஜி, உயிர்நாதத்துல இருந்து வந்திருக்கு. உன் கணக்கை நிறுத்தி வச்சிருக்காங்களாம்."

"ஏன்?"

"உன் ஹார்ட்டு சரியில்லையாம்."

*

"ஒரு நிமிஷம்," என்றார் டாக்டர் ஷமீம். "கிட்டார் கேட்டு ஹார்ட்டைக் கண்டுபிடிச்சாங்களா? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

மேஜைக்கு இந்தப் பக்கம் ரெஜி சட்டை பட்டன்களைப் போட்டுக்கொண்டிருந்தான். ஃபிலோ அவன் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

"இப்ப மெஷினே எல்லாம் வாசிக்குது டாக்டர். கிட்டார், வயலின், எது வேணும்னாலும். விரல் தேயற சத்தம், மூச்சு, நாற்காலி கிறீச்சுங்கிறது வரைக்கும் போட்டுடுது. எது மனுஷன் வாசிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியலை. சினிமாவுல எனக்கு வேலை போனதே அப்படித்தான்."

"சரி."

"ஆனா மனுஷன் வாசிச்சதைத்தான் கேட்பேன்னு சில பேர் இருக்காங்க. அவங்களுக்குன்னு வந்த கம்பெனிதான் உயிர்நாதம். எந்தப் பதிவா இருந்தாலும் அதுக்கு அடியில, காதுக்குக் கேட்காத அளவுல, ஒரு துடிப்பு இருக்குமாம். கிட்டாரை நெஞ்சோட அணைச்சுத்தானே வாசிக்கிறோம். மரம் அந்தத் துடிப்பை வாங்கி மைக்குக்குக் குடுத்துடுது. அதை அவங்க பிரிச்சு எடுத்துடுவாங்க. முதல் பதிவுல கிடைச்ச துடிப்புதான் நம்ம கையெழுத்து. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே இதயம் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. பொய்த் துடிப்பு போட்டு ஏமாத்தப் பார்த்தவங்க எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. இதயம் பாட்டோட சேர்ந்து ஏறி இறங்கணும். அது மெஷினுக்கு வரலை."

"உங்க இதயத்துல என்ன கோளாறுன்னு சொல்றாங்க?"

ஃபிலோ போனைப் பார்த்துப் படித்தாள். "நடுநடுவுல நிக்குது. நிக்கிற நேரம் மாசத்துக்கு மாசம் கூடுது. உடனே பாருங்கன்னு போட்டிருக்காங்க."

டாக்டர் ஷமீம் மேஜையில் கிடந்த ஈசிஜி தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். எக்கோ படத்தைப் பார்த்தார். நேற்று முழுக்க ரெஜியின் மார்பில் ஒட்டியிருந்த கருவி கொடுத்த வரைபடத்தைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தார்.

"மிஸ்டர் ரெஜினால்ட், உங்க வயசுல இப்படி ஒரு ஹார்ட் இருந்தா நான் சந்தோஷப்படுவேன். கடிகாரம் மாதிரி ஓடுது. உங்க கம்பெனி மெஷினைத்தான் யாராவது டாக்டர்கிட்ட காட்டணும்."

வெளியே வந்ததும் ஃபிலோ நீளமாக மூச்சு விட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் அவன் ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டு ஃபலூடா வாங்கினான். மாடி ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. புளி வாங்கினோமா இல்லையான்னு யோசிக்கிறேன்."

"உக்காந்துதான் யோசிக்கணுமா?"

"உன் ஹார்ட்டு மாதிரியா எனக்கு? மூணு மாடி ஏறணும். நான் என்ன கடிகாரமா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கைப்பிடியைப் பற்றி எழுந்தாள்.

*

டாக்டரின் சான்றிதழை அனுப்பியும் கணக்கு திறக்கவில்லை. மூன்றாவது முறையும் அதே பதில் வந்தது: பதிவில் உள்ள இதயத்துக்கும் சான்றிதழில் உள்ள இதயத்துக்கும் பொருத்தம் இல்லை. ரெஜி மின்சார ரயில் பிடித்துத் தரமணிக்குப் போனான்.

கண்ணாடி அறையில் அவனை உட்கார வைத்த பெண்ணின் பெயர் சம்யுக்தா. அவன் பெண் வயது இருக்கும், அவனுக்குப் பெண் இருந்திருந்தால். பேசுவதற்கு முன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"சார், நான் உங்க ஃபேன். நிஜமாவே. ராத்திரி உங்க வாசிப்பைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன்."

"அப்ப கணக்கைத் திறந்து விடும்மா."

"அதுக்குத்தான் முடியலை. டாக்டர்கிட்ட ஆள் மாறாட்டம் நடந்திருக்குன்னு சிஸ்டம் சொல்லுது. வேற ஒருத்தர் ஹார்ட்டைக் காட்டி சான்றிதழ் வாங்கிட்டீங்கன்னு. அப்படி நிறைய பேர் பண்றாங்க சார். மாத்திரை போட்டுக்கிட்டு வாசிக்கிறாங்க. கோளாறு வெளிய தெரிஞ்சா கச்சேரிக்குக் கூப்பிட மாட்டாங்க, இன்ஷ்யூரன்ஸ் குடுக்க மாட்டாங்கன்னு பயம். எங்களுக்கு இருக்கிற பயம் அதுக்கு நேர் எதிர். நாங்க தெரிஞ்சும் சொல்லலை, ஆள் போயிட்டாருன்னா, எங்க மேல கேஸ்."

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

சம்யுக்தா திரையைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"மார்ச்ல இருந்து."

இப்போது அக்டோபர்.

"ஏன் அப்பவே சொல்லலை?"

"அப்ப ரூல் வேற சார். ஒருத்தரோட மருத்துவ விஷயத்தை நாங்களா பேசக் கூடாதுன்னு இருந்தது. போன மாசம்தான் மாத்தினாங்க." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணும் இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மார்ச்சுக்கு அப்புறம் உங்களைக் கேட்கிறவங்க மூணு மடங்கு ஆயிட்டாங்க. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தான். கடைசியில் நம் வாசிப்பு கனிந்துவிட்டது என்று நினைத்திருந்தான். ஃபிலோவிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருந்தான்.

"இடறுற இதயம் இருக்கிற பதிவு ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்குது. காதுக்குக் கேட்காது. ஆனா உடம்புக்கு என்னமோ தெரியுது. ஏன் பிடிக்குதுன்னே தெரியாம திரும்பத் திரும்பக் கேக்கிறாங்க. நானும்தான்."

ரெஜி தண்ணீரைக் குடித்தான். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கோபம் அவனிடம் ஒட்டவில்லை. அது அவனுடைய இதயமே இல்லையே.

"அந்தத் துடிப்பைக் கேட்க முடியுமா?"

"கேட்கலாம். காதுக்குக் கேட்கிற மாதிரி ஏத்தித் தர்றேன்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். உயிர்நாதத்துக்கு வெட்டாத முழுப் பதிவைத்தான் அனுப்ப வேண்டும். நடுவில் நிறுத்தியது, இருமியது, ரயிலுக்குக் காத்திருந்தது எல்லாம் இருக்கும். இடது காதில் அவன் கிட்டார். வலது காதில் துடிப்பு. லப் டப், லப் டப். பிறகு ஒன்றுமில்லை. கிட்டார் மட்டும் தனியாக நடந்தது. ரெஜியின் விரல் மேஜை விளிம்பைப் பிடித்தது. லப் டப். திரும்பி வந்துவிட்டது.

"இது மாதிரி இந்தப் பதிவுல நிறைய இடம் இருக்கு," என்றாள் சம்யுக்தா. "ஆனா அழகா இருக்கு பாருங்க. நீங்க மெதுவாப் போனா அதுவும் மெதுவாப் போகுது. இங்க கேளுங்க, கஷ்டமான இடம் வருது, வேகமாகுது. முடிச்சதும் அமைதி."

கஷ்டமான இடம். ரெஜி அதைப் பத்து வருடமாக வாசிக்கிறான். அவனுக்கு அது கஷ்டமே இல்லை. ஒருமுறை கோயில் விழாவில் அந்த இடத்தில் கம்பி அறுந்து எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட்டான். அதோடு சரி, மறந்துவிட்டான். அதை இன்னும் நினைத்துப் பயப்படுகிறவர் யாராக இருந்தாலும் அது அவன் இல்லை.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் நிதானமாகப் போகும்போதே துடிப்பு திடீரென்று படபடவென்று எகிறியது. காரணமே இல்லை. மெட்டில் ஒரு மாற்றமும் இல்லை. கிட்டார் இன்னும் இரண்டு வரி தன்பாட்டுக்குப் போனது. பிறகு ஃபிலோவின் குரல், மெதுவாக: "வண்டி." கிட்டார் நின்றது. அதற்கும் பிறகுதான் எங்கோ தூரத்தில் ரயில்.

"இந்த இடத்தை மறுபடி போடும்மா."

போட்டாள்.

"நான் கண்ணை மூடிட்டுத்தான் வாசிப்பேன்," என்றான் ரெஜி. "வண்டி வர்றது எனக்குத் தெரியாது."

"அப்ப யாருக்கு சார் தெரியும்?"

அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான்.

*

ஃபிலோ கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஃபிரிட்ஜுக்குப் போனதைப் பார்த்து, "கணக்கைத் திறந்துட்டாங்களா?" என்றாள்.

"கிளம்பு."

"எங்க?"

"ஷமீம் டாக்டர்கிட்ட."

"உனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே."

"எனக்கு இல்ல."

சில்லென்றிருந்த சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. ஃபிலோ அவனைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள், பூண்டுத் தோல் ஒட்டிய விரல்களை, மைக்கைப் பிடிக்கிற மணிக்கட்டை. அவன் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஸ்டாண்டா?" என்றாள்.

"ஸ்டாண்டுதான்."

"மாடி ஏறும்போது லேசா இருட்டிக்கிட்டு வரும்," என்றாள் அவள். "வயசாகுது, அவ்வளவுதான்னு விட்டுட்டேன். உனக்குச் சொன்னா வாசிக்கிறதை விட்டுட்டு என்னைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்ப."

"கையைக் கழுவிட்டு வா."

"புடவை மாத்திக்கிறேன்."

"வேணாம்."

படிகளில் அவன் முன்னால் இறங்கினான், ஒவ்வொரு படியிலும் திரும்பிப் பார்த்துக்கொண்டு. டாக்டர் ஷமீம் இந்த முறை வரைபடத்தைக் கடைசிவரை தள்ளிப் பார்க்கவில்லை. பாதியிலேயே போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். ஃபிலோவின் காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டியைவிடச் சின்னதாக, இதயத்தை ஒரே சீராகத் துடிக்க வைக்கும் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். நினைவு திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் போட்டாயா என்பது.

*

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி மெத்தை சுவரில் சாய்ந்தது. பீரோ திறந்தது. ஃபிலோ முக்காலியில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தாள். தையல் போட்டது இடது பக்கம். வலது கை பழைய மாதிரியே இருந்தது. ரெஜி வாசித்தான். நன்றாகவே வாசித்தான். அனுப்பினார்கள்.

பதில் உடனே வந்தது. பதிவில் உள்ள துடிப்பு பாட்டோடு ஏறி இறங்கவில்லை. இது இயந்திரம். ஏற்க இயலாது.

ஃபிலோ வாய்விட்டுச் சிரித்தாள். "பார்த்தியா. நான் மெஷின் ஆயிட்டேன்."

"ஸ்டாண்டைக் கொண்டு வர்றேன்."

"ரயில் உறுமுமே."

ரெஜி கூரையைப் பார்த்தான். எப்படியும் ஃபேன் ஓடப் போவதில்லை. கொடிக்கயிற்றில் ஒரு துண்டை வெட்டி ஃபேனின் தண்டில் கட்டினான்; மறுமுனையில் மைக்கைத் தொங்கவிட்டான். ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் மெல்லிய நூல். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு எதிரே வந்து அது அசையாமல் நின்றது. தரையைத் தொடாத மைக்குக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஃபிலோ அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "இவ்வளவுதானா? இத்தனை வருஷம் கை மரத்துப்போக உக்கார வச்சியே. இது முன்னாடியே தோணலையா உனக்கு?"

"தோணியிருந்தா?" என்றான் ரெஜி.

அவள் கை இடது தோளுக்குக் கீழே தையல் இருந்த இடத்துக்குப் போனது. பிறகு அவள் முக்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டு, பூண்டுக் கிண்ணத்தை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

அமுக்கிவிட மைக்கைப் பிடித்த கை இல்லாததால், இந்தப் பதிவில் ரெஜியின் இதயம்தான் இருந்தது, முதல் தடவையாக. அதற்கும் பதில் உடனே வந்தது: இதயம் மனிதருடையது. ஆனால் கணக்கின் சொந்தக்காரருடையது அல்ல. ஆள் மாறாட்டம்.

சம்யுக்தாவுக்குப் போன் செய்தான். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பழைய கணக்கு மூடப்பட்டது. அதே பெயரில், புதிய கலைஞர் என்ற அடையாளத்தோடு, ரெஜினால்ட் ஒரு கணக்குத் தொடங்கினான்.

"ஆக," என்றாள் ஃபிலோ, "இத்தனை நாள் பேர் வாங்கின கிட்டாரிஸ்ட் நான். நீ இப்பதான் ஃபீல்டுக்கு வர்ற. வாழ்த்துகள் தம்பி."

"ரொம்ப நன்றி மேடம்."

முதல் பதிவுக்குக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். ஈப்போவிலிருந்து ஒருவர் கருத்து எழுதியிருந்தார். ரெஜி அதை இரண்டு முறை மனசுக்குள் படித்துவிட்டு, ஃபிலோ கேட்டதால் சத்தமாகப் படித்தான்.

"புதிதாக வந்திருக்கும் இந்த ரெஜினால்ட் நன்றாகத்தான் வாசிக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய ரெஜினால்டிடம் இருந்த ஏதோ ஒன்று இவரிடம் இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று யாருக்காவது தெரியுமா?"

கீழே வரிசையாகக் கும்பிடும் கை எமோஜிகள். யாரோ ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

ஃபிலோ உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டாள். "நல்ல காது அந்தாளுக்கு. பதில் போடு."

"என்னன்னு?"

"அவர் சௌக்கியமா இருக்காரு, எதிர்ல உக்காந்து பூண்டு உரிக்கிறாருன்னு போடு."

ரெஜி அப்படியே ஓர் எழுத்துகூட மாற்றாமல் அடித்து அனுப்பினான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கிட்டாரை எடுத்து நெஞ்சோடு அணைத்தான். கண்ணை மூடப் போனவன், மூடவில்லை.

"வண்டி இருக்கா?" என்று அவளைக் கேட்டான்.